மேல் ஹோஸ்

என் தம்பி ஸாகியின் காரிலிருந்து தண்ணீர் ஒழுகுவதை முதலில் கண்டவள் என் மனைவி ஸுலைஹா. கார் நிறுத்தும் இடத்துச் சீமெந்துத் தரையில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"வயசு போனா காருக்கும் ஒங்களப் போலதான். அடக்க ஏலாது" என்றாள்.

பொனட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் பக்கத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர்க் குழாய், மேல் ஹோஸ், கிளிப் போட்ட இடத்தில் ஊதிப்போய்த் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் நான் இதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டேன். ஆனால் ஸாகியின் மகள் ஜஹானாவுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸாகி மௌத்தாகி, மண்ணுக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன. அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. எங்கள் வாப்பாவும் இல்லை. ஆகவே ஜஹானாவின் வலிகாரர் நான். பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இந்தப் பெண்ணை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்லவேண்டியவர் வலிகாரர். அந்த வார்த்தை இல்லாமல் நிக்காஹ் இல்லை. போக முடியாதவர்கள், பேச முடியாதவர்கள் தங்களுக்காகச் சொல்லும்படி நிக்காஹ்வை நடத்திவைக்கும் ஹஸரத்திடம் வகாலத் கொடுப்பதுண்டு. மடவளையில் எங்கள் குடும்பத்தை மிளகுக்காரர் வீடு என்பார்கள். அந்த வீட்டில் எந்த வலிகாரரும் இதுவரை வகாலத் கொடுத்ததில்லை.

மாப்பிள்ளை வீடு பிலிமத்தலாவையில். அஸ்ஃபர் ஹாஜியாரின் மகன் ஸிபான். பெருந்தெருவில் அவர்களுக்கு மோட்டார் உதிரிப்பாகக் கடை இருக்கிறது. நாள் குறிக்க வந்தபோது ஹாஜியார் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் சொன்னார்: "நிக்காஹ்வுக்கு நீங்க வர நான் புது வாகனம் ஒண்டு அனுப்புறேன். ஏசி போட்டு, சொகுசா வரலாம்."

"பொண்ணுட வாப்பாட கார் ஈக்கிது" என்றேன். "அதுலதான் நான் வந்து எறங்குவேன்."

சபையில் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு மாற்ற முடியாது. ஸாகி வரமாட்டான், அவனுடைய கார் வந்து பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்பது என் எண்ணம். வானநிறம், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், ஜப்பானில் செய்தது. அந்த மாடலில் இப்போது கண்டிப் பக்கம் ஓடுவது அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மடவளைச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஸ்ரீதரனைக் கூப்பிட்டேன். பன்வில தோட்டத்துப் பையனாக வந்து தொழில் பழகி, இப்போது தலை நரைத்த மனுசன். ஹோஸை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"ரப்பர் செத்துப் போச்சுங்க முதலாளி. மாத்தணும்."

"மாத்து."

"மாத்திரலாம். சாமான் வேணும்ல? இந்த வளைவுல ஹோஸ் இப்ப யாருகிட்டயும் இல்லீங்க. பிலிமத்தலாவையில ஒரே ஒரு கடையில..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"எந்தக் கடையில?"

"அதாங்க. ஒங்க சம்பந்தி கடையில."

"வேற எடம் பாரு" என்றேன்.

இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் கையிலிருந்து பெண் வீட்டார் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சாப்பிடுவோம். எழும்பும்போது வெறுங்கையோடு எழும்புவோம். நான் அந்தக் கடைக்குப் போய் நின்றால் ஹாஜியார் காசு வாங்கமாட்டார். வற்புறுத்தினால் அவருக்கு மரியாதைக் குறைவு, வற்புறுத்தாவிட்டால் எனக்கு. பெண் கொடுக்கும் முன்பே மிளகுக்காரர் வீட்டார் கடைக்கு வந்துவிட்டார்கள் என்று யாராவது ஒருவர் சொல்லுவார். வேறு ஆளை அனுப்பலாம் என்றால், எந்தக் காருக்கு என்று கேட்பார்கள். அந்த மாடலுக்கு ஒரே காரல்லவா?

ஸ்ரீதரன் கொழும்புக்குச் சொல்லி ஒன்றை எடுப்பித்தான். வந்ததில் வளைவு சரியில்லை. பொருத்தினால் மடிந்து அடைத்துக்கொண்டது. கடைசியில் பழைய ஹோஸைக் கழற்றி, ஊதிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துப் புதுக் கிளிப் போட்டு முறுக்கினான்.

"கலியாணம் வரைக்கும் தாங்கும் முதலாளி. இன்னொரு தடவ வெட்ட நீளம் இல்ல. நெரிசல்ல மாட்டிக்கிட்டு எஞ்சின சூடாக்கிராதீங்க. தண்ணி போத்தல் கையோட வச்சுக்கங்க."

ஒழுக்கு நின்றுவிட்டது. காரைக் கழுவி, மெழுகு போட்டு மினுக்கினேன்.

நிக்காஹ் சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, பிலிமத்தலாவைப் பள்ளிவாசலில். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் வேன்களில் முன்னால் போய்விட்டார்கள். சபை கூடியபின் வலிகாரர் வந்து இறங்குவதே முறை. என்னோடு வந்தவர் ஸுலைஹாவின் தம்பி ஹபீல் ஒருவர்தான். வாய் ஓயாத மனிதர்.

நான் காரில் ஏறும்போது ஜஹானா படியில் வந்து நின்றாள். கை நிறைய மருதாணி. பெண்கள் பள்ளிவாசலுக்கு வருவதில்லை; நிக்காஹ் முடிந்த செய்தி வரும்வரை அவள் வீட்டில் காத்திருக்கவேண்டும்.

"பெரியப்பா, ஹஸரத்துக்கிட்ட வகாலத் குடுத்துப் போட்டு நிக்க வேணாம். வாப்பாட எடத்துல நீங்கதான் சொல்லோணும்."

"நான்தான் சொல்லுவேன்" என்றேன்.

பொல்கொல்லை தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் போய் மாட்டிக்கொண்டோம். முன்னால் பஸ், பின்னால் லொறி. கார் நகரவில்லை. சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறியது. நான் ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டால் முள் இறங்கும். ஸாகி அப்படித்தான் செய்வான்.

அடுப்பு வாயில் உட்கார்ந்ததுபோல் காற்று முகத்தில் அடித்தது. பாலத்தின் மேல், பின்னேர வெயிலில், வெள்ளை நெஷனல் உடுப்பும் தொப்பியுமாக இரண்டு கிழவர்கள் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து ஓட்டோக்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்" என்றார் ஹபீல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "ஹாஜியார் ஏசி வாகனம் அனுப்புறேன் எண்டு சென்னது எனக்கு மட்டும்தானா கேட்டது?"

"பேசாம இரும்."

"நான் பேசாமதான் ஈக்கிறேன். இப்பிடியே மௌத்தாகினா கபன் துணி வாங்கிற செலவும் இல்ல. வெள்ளை உடுப்பு, அத்தர் எல்லாம் ரெடி."

முள் இறங்கியது. நெரிசலும் கலைந்தது. கண்டி தாண்டி, கெட்டம்பே தாண்டி, பேராதனைப் பாலத்தைக் கடந்தபோது இனிப் பயமில்லை என்று ஹீட்டரை மூடினேன். கிரிபத்கும்புரவை நெருங்கும்போது பொனட்டுக்கடியில் பலூன் உடைந்ததுபோல் ஒரு சத்தம். அடுத்த கணம் கண்ணாடி முழுவதும் வெள்ளை ஆவி. காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றிருந்தோம். பொனட்டைத் தூக்கினேன். ஸ்ரீதரன் முறுக்கிய கிளிப் அசையவில்லை. ஹோஸின் நடுவில், வளைகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. எஞ்சின் முழுவதும் பச்சைத் தண்ணீர் தெறித்துக் கொதித்தது.

ஹபீல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"ஆறட்டும். இப்ப திறந்தா மொகம் வெந்து போகும்."

"ஆறுற வரைக்கும் மாப்பிள்ள நிப்பாரா?"

கடைக்காரப் பெண் சிங்களத்தில் என்னவென்று விசாரித்துவிட்டு, இரண்டு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பின்பக்கம் போய்ப் பழைய சைக்கிள் டியூப் ஒன்றையும் தேடி எடுத்து வந்தார். சூடு தணிந்தபின் டியூபை நீளமாகக் கீறி, பிளவின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினேன். தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏறாமல் இருக்க மூடியை முழுதாக இறுக்காமல் விட்டேன். எஞ்சின் ஓடியது. கார் ஒரு வளைவு வரைக்கும் போயிருக்காது. கட்டு வழுக்கி, தண்ணீர் முழுவதும் கொட்டிப்போனது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம்.

ஹபீலின் போன் அடித்தது. பள்ளிவாசலிலிருந்து எங்கள் ஆட்கள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

"மச்சான், அஸர் தொழுது முடிஞ்சிட்டு. பதிவுகாரருக்கு மகரிபுக்கு முந்தி கம்பளையில இன்னொரு நிக்காஹ் ஈக்கிதாம். மிச்ச நேரம் நிக்க ஏலாதாம். வலிகாரர் சொணங்கினா போன்லயாவது ஹஸரத்துக்கு வகாலத் குடுக்கச் சொல்றாங்க."

"குடுக்கமாட்டேன் எண்டு சொல்லும்."

"அப்ப ஓட்டோ ஒண்டு புடிப்போம். கிட்டத்தானே."

கிட்டத்தான். அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. கண்டிப் பக்கத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகள் அத்தனை பேரும் அந்த வீதியால்தான் வருவார்கள். ஸாகியின் கார் வாயைப் பிளந்துகொண்டு வீதியோரம் நிற்க, நான் ஓட்டோவில் போய் இறங்குவதா? ஹாஜியாருக்குச் சொன்னால் வாகனம் உடனே வரும். அதைவிட இந்த இடத்திலேயே நிற்கலாம்.

ஆனால் நின்றால் ஜஹானாவுக்குக் கொடுத்த வார்த்தை போகிறது.

கையிலிருந்த கிழிந்த டியூபைக் கீழே போட்டேன். போனை எடுத்து நானே அழைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஹாஜியார்."

"வஅலைக்கும் ஸலாம். சம்பந்தி, எங்க ஈக்கிறீங்க? எல்லாரும் வழி பாத்துக்கொண்டு..."

"நான் இப்ப பேசுறது சம்பந்தியோட இல்ல. கடைக்காரரோட."

மிகவும் அடக்கமான குரலில் பதில் வந்தது: "கடைக்காரர்தான் கேக்கிறேன். சொல்லுங்கொ."

"ஒங்கட கடையில எங்கட காருக்கு ரேடியேட்டர் மேல் ஹோஸ் ஈக்கிதா?"

"ஈக்கிது."

"எனக்கு ஒண்டு வேணும். நான் கிரிபத்கும்புரவுல, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால நிக்கிறேன்."

"வாகனம் அனுப்பட்டா எண்டு நான் கேக்கமாட்டேன்" என்றார் ஹாஜியார். "ஹோஸ் மட்டும் வரும்."

ஹோஸோடு அவரே வந்தார். பட்டுச் சேர்ட், தங்கப் பிரேம் கண்ணாடி, ஒரு கையில் ஹோஸ், மறு கையில் ஸ்குரூ டிரைவர். தனியாகத் தன் வாகனத்தை ஓட்டி வந்திருந்தார். ஹோஸில் தூசு இல்லை. அதன் கழுத்தில் நூலால் ஒரு காகிதத் துண்டு கட்டி, 'மடவளை' என்று எழுதியிருந்தது.

"இது எப்ப எடுத்து வெச்சது?" என்று கேட்டேன்.

"ஒங்கட மெக்கானிக் கோல் எடுத்து, சாமான் ஈக்கிதா எண்டு கேட்ட அண்டைக்கே. ஸிபான்தான் எடுத்து வெச்சார். வருவீங்க, வருவீங்க எண்டு பாத்தோம்."

"கொண்டு வந்து தந்தீக்கலாமே" என்றார் ஹபீல்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "மகன் கொண்டு போறேன் எண்டுதான் நிண்டார். நான் விடல்ல. கேக்காம கொண்டு போனா, ஒங்கட கார் பழசு எண்டு நாங்க சொல்லிக் காட்டினது போல ஆகிடும். மிளகுக்காரர் வீட்டப் பத்தி எனக்குத் தெரியாதா?"

நான் மனத்துக்குள் அவரை மெச்சினேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

சட்டைப் பையிலிருந்து பேர்ஸை எடுத்தேன். அவர் ஹோஸைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இண்டைக்குக் கடை பூட்டு. மகன்ட கல்யாணம். பூட்டின கடையில யாவாரம் இல்ல."

"அப்ப எனக்கு ஹோஸ் வேணாம்."

"சம்பந்தி..."

"நிக்காஹ் முடியிற வரைக்கும் நான் சம்பந்தி இல்ல. பொண்ணு வீட்டுக்காரன். மாப்பிள்ள வீட்டுல சும்மா வாங்க ஏலாது."

வீதியில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் ஒரு ரப்பர் துண்டை வாங்க மறுப்பவர் ஒருவர், விற்க மறுப்பவர் ஒருவர் என்பது எந்த மொழியிலும் விளங்கும்.

ஹபீல் பொறுமையிழந்தார். "ரெண்டு பேரும் இப்பிடியே நில்லுங்கொ. பதிவுகாரர் கம்பளைக்குப் போகட்டும். இல்லாட்டி ஒண்டு செய்வோம். மஹர்ல சேத்து எழுதச் சொல்லுவோம். இவ்வளவு பவுன், ஹோஸ் ஒண்டு. மாப்பிள்ள பொண்ணுக்குக் குடுக்கிறது தானே, அத வாங்கினா ஒங்கட மூக்கு ஒடையாது!"

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஹாஜியாரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. யோசித்தேன்.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய கடமை, பெண்ணின் உரிமை. அதைக் கேட்டு வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. கேட்காமல் விடுவதுதான் குறைவு. பொன்னாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம். நிக்காஹ்வுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவதும் உண்டு. கார் ஸாகியுடையது. ஸாகிக்குப் பின் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. அதற்கு வேண்டியதைத் தன் மஹராகக் கேட்கிற உரிமை உலகத்தில் ஒருத்திக்கு இருக்குமென்றால் அது ஜஹானாவுக்குத்தான்.

"மஹர் எண்டா பொண்ணுட்ட கேக்கோணும்" என்றேன்.

ஹபீலின் வாய் திறந்தபடி நின்றது. நான் வீட்டுக்குப் போன் எடுத்தேன். ஸுலைஹா போனை ஜஹானாவின் காதில் வைத்தாள். கை முழுக்க மருதாணியல்லவா?

"பெரியப்பா, முடிஞ்சிட்டா?" என்றாள்.

"இன்னும் இல்ல மகள். வாப்பாட கார்ட ஹோஸ் வெடிச்சிட்டு. மாப்பிள்ளட கடையில புது ஹோஸ் ஒண்டு ஈக்கிது. அத ஒன்ட மஹர்ல சேத்துக்கொள்ள ஒனக்குச் சம்மதமா? விருப்பமில்லாட்டி இல்ல எண்டு சொல்லு. ஒருத்தரும் ஒன்னக் கட்டாயப்படுத்த ஏலாது."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று.

"மேல் ஹோஸா, கீழ் ஹோஸா?"

"மேல் ஹோஸ்."

"கீழ் ஹோஸும் பழசுதான் பெரியப்பா. வாப்பா சென்னது எனக்கு ஞாபகம். ரெண்டையும் கேளுங்கொ."

நான் ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் மகனுக்கு அழைத்தார். "மகன், மஹர் கொஞ்சம் கூடிப் போச்சு" என்று ஆரம்பித்தவர், விஷயத்தைச் சொல்லி முடித்ததும் போனை என் காதருகே பிடித்தார். "கபூல், ஏத்துக்கொண்டேன்!" என்று ஸிபான் கத்துவது கேட்டது. பின்னால் யாரோ, "இப்ப சொல்ல வேணாம், ஹஸரத் கேக்கக்குள்ள சொல்லுங்கொ" என்று அதட்டுவதும் கேட்டது.

அதன்பிறகு ஹாஜியார் ஹோஸை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. கடைக்காரப் பெண்ணின் கத்தியால் கீறி உரித்தெடுத்தேன். ஹாஜியார் பட்டுச் சேர்ட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு குனிந்தார். புது ஹோஸின் வாயில் சவர்க்காரத் தண்ணீர் தடவி அவர் ஒரு பக்கம் தள்ள, நான் மறுபக்கம் பிடித்தேன். அது எங்கும் மடியாமல், அந்தக் காருக்கென்றே வளர்ந்ததுபோல் போய் உட்கார்ந்தது. கிளிப்களை இறுக்கி, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டோம். குமிழி வந்து காற்று வெளியேறி, தண்ணீர் மட்டம் இறங்கியது. மறுபடி நிரப்பி மூடினோம். ஒரு துளி சொட்டவில்லை.

"நான் முன்னால போறேன்" என்றார் ஹாஜியார், கையைத் துடைத்துக்கொண்டு. "நீங்க வந்து எறங்கும்போது வரவேற்க வாசல்ல ஆள் வேணும்."

நான் அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தேன்.

ஸாகியின் கார் பள்ளிவாசல் வாசலுக்கு முன்னால் போய் நின்றபோது, அஸ்ஃபர் ஹாஜியார் படியில் நின்றார்; அன்றைக்கு முதல் தடவையாக என்னைக் காண்பவர்போல் ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார். இருவர் கையிலும் கரி. யாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

பதிவுகாரர் அவசரத்தில் இருந்தார். மஹர் என்னவென்று கேட்டார். பவுனைச் சொன்னேன். "அதோட ரேடியேட்டர் ஹோஸ் ரெண்டு. மேல் ஒண்டு, கீழ் ஒண்டு" என்றேன்.

அவர் பேனையை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹோஸா?"

"ஓ. மேல் ஹோஸ் பொண்ணு வீட்டுக்குக் கெடச்சிட்டு. கீழ் ஹோஸ் பாக்கி. அப்பிடியே எழுதுங்கொ."

சபையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஹபீல் மட்டும் தொப்பியைச் சரிசெய்தபடி, இது தன்னுடைய யோசனை என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பதிவுகாரர் எழுதினார்.

ஸிபான் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் அவருடைய வலது கையை என் கையில் எடுத்தேன். ஹஸரத் சொல்லித் தர நான் காத்திருக்கவில்லை. என் தம்பி ஸாகியின் மகள் ஜஹானாவை, பேசிக்கொண்ட மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சபை முழுதும் கேட்கச் சொன்னேன்.

"ஏற்றுக்கொண்டேன்" என்றார் ஸிபான்.

துஆ ஓதத் தொடங்கினார்கள். எல்லோரும் கை ஏந்தியிருக்க, ஸிபான் என் பக்கம் சிறிது சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்:

"பெரியப்பா, புது ஹோஸ் ஒருக்கா சூடாகி ஆறினா கிளிப் கொஞ்சம் இளகும். நாளைக்கு வந்து இறுக்கித் தாறேன்."

நிக்காஹ் முடிந்தாயிற்று; இப்போது வாங்கிக்கொள்ளலாம்.

"வாங்கொ" என்றேன். "பகல் சாப்பாட்டுக்கே வாங்கொ."